ஆரூரா தியாகேசா: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

திருவாரூர்க் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பிறந்தவன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். தியாகராஜ சுவாமியைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஜாதகம் பார்த்துச் சொல்ல நான் ஆளில்லை. அப்புறம் ஒன்று: சுவாமி தியாகராஜர் வேறு, கீர்த்தனை பாடிய தியாகராஜர் வேறு. இதை இப்போதே சொல்லிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

மன்னார்குடியிலிருந்து ஓர் அம்மா: சுவாமிக்கு முகம் மட்டும்தான் தெரிகிறது. மற்றதை ஏன் மூடி வைத்திருக்கிறார்கள்?

நல்ல கேள்வி அம்மா. மூலவர் வன்மீகநாதர், புற்றிடங்கொண்டார். நீங்கள் கேட்கிற தியாகராஜர் பக்கத்துச் சன்னதியில் இருப்பவர். அது சோமாஸ்கந்த வடிவம்: சுவாமி, அம்பாள், நடுவே குழந்தை முருகன். அதில் முகம் மட்டும்தான் நமக்கு. மற்றது வஸ்திரத்துக்கும் பூவுக்கும் உள்ளே. மார்கழித் திருவாதிரையில் ஒரு பாதம், பங்குனி உத்திரத்தில் இன்னொரு பாதம், அவ்வளவுதான் வருஷத்துக்கு. தில்லையில் சிதம்பர ரகசியம் மாதிரி இங்கே சோம ரகசியம் என்பார்கள்.

கதை இப்படி. திருமால் இந்த மூர்த்தியைத் தன் மார்பில் வைத்துப் பூஜித்தார். பிறகு இது இந்திரனிடம் வந்தது. அசுரரோடு நடந்த போரில் இந்திரனுக்குத் துணை நின்ற முசுகுந்தச் சக்கரவர்த்தி, கூலியாக இதைத்தான் கேட்டார். கொடுக்க மனமில்லாத இந்திரன் அச்சு அசலாக ஆறு செய்வித்து ஏழையும் வரிசையாக வைத்து, “எது வேண்டுமோ எடுத்துக்கொள்” என்றான். முசுகுந்தன் சரியாக அசலைத் தொட்டார். தோற்ற இந்திரன் ஏழையுமே கொடுத்துவிட்டான். அசல் ஆரூருக்கு வந்தது. மற்ற ஆறும் திருநள்ளாறு, நாகப்பட்டினம், திருக்காறாயில், திருக்குவளை, திருவாய்மூர், வேதாரண்யம். இந்த ஏழும் சப்தவிடங்கத் தலங்கள். டங்கம் என்றால் உளி. உளி படாதது விடங்கம். வெள்ளிப் பேழைக்குள் இருக்கும் சின்ன மரகத லிங்கத்துக்கு அந்தப் பெயர். விடங்கு என்றால் தமிழில் அழகு என்றும் பொருள் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

சென்னையிலிருந்து ஒருவர்: தியாகராஜர் ஆராதனை திருவாரூரில் எப்போது சார்?

திருவாரூரில் இல்லை. திருவையாற்றில். ஜனவரி வாக்கில், புஷ்ய பகுள பஞ்சமியில். கீர்த்தனை பாடிய அந்தத் தியாகராஜர் பிறந்தது இங்கே, 1767-இல். பெயரும் இந்தச் சுவாமியின் பெயர்தான். சியாமா சாஸ்திரி 1762, முத்துசுவாமி தீட்சிதர் 1775, மூவரும் இந்த ஊரில் பிறந்தவர்கள். இதற்கு மேல் சங்கீதக் கேள்வி வேண்டாம்.

கூத்தாநல்லூர், கல்லூரி மாணவி: ஏழு ஊரிலும் ஏழு நடனம் என்கிறார்களே, ஆரூருக்கு என்ன?

அஜபா நடனம். ஜபிக்காமல் தானாக நடக்கிற மந்திரம் அஜபை, அதாவது மூச்சு. திருமால் மார்பில் இருந்தபோது அவர் மூச்சு ஏற ஏற இவரும் ஏறி, இறங்க இறங்க இவரும் இறங்கி ஆடினார். சுவாமி புறப்பாட்டில் தோளில் தூக்குகிறவர்கள் நேராக நடக்க மாட்டார்கள். ஒரு எட்டு இந்தப் பக்கம், ஒரு எட்டு அந்தப் பக்கம் சாய்ந்து சாய்ந்து வருவார்கள். அசைந்தாடும் அப்பர் என்று ஒரு பெயர் உண்டு. கம்பிக்காதழகர், அடிக்காயிரம் பொன் கொடுத்தவர் என்றும் கூப்பிடுவார்கள். மற்ற ஊர்களில்: நள்ளாறு உன்மத்த நடனம், நாகை பாராவார தரங்க நடனம் (கடலலை மாதிரி), காறாயில் குக்குட நடனம், குவளை பிருங்க நடனம் (வண்டு), வாய்மூர் கமல நடனம், வேதாரண்யம் ஹம்சபாத நடனம். எழுதி வைத்துக்கொள் மகளே, பரீட்சைக்கு வராது.

பெயர் சொல்லாதவர்: கடன் தீர எந்தச் சன்னதி?

ருணவிமோசனர் சன்னதி, கோயிலுக்குள்ளேயே.

திருப்பூரிலிருந்து: கடன் பிரச்சினை. எத்தனை வாரம் வர வேண்டும்?

மேலே பாருங்கள். வாரக் கணக்கு எனக்குத் தெரியாது.

நன்னிலம் பக்கம் ஒரு விவசாயி: அறுப்புக்கு நின்ற குறுவை மூன்று நாள் மழையில் சாய்ந்து முளைத்துவிட்டது ஐயா. கோயிலுக்குப் போனால் கும்பிடத் தோன்றவில்லை, திட்டத்தான் தோன்றுகிறது. தப்பா?

தப்பில்லை தம்பி. நீங்கள் நிற்கிற இடம் திட்டுவதற்கென்றே பெயர்போன இடம்.

சுந்தரர் திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாரிடம் “உன்னைப் பிரியேன்” என்று சத்தியம் செய்துவிட்டு, ஆரூர் நினைப்பு தாங்காமல் கிளம்பினார். ஊர் எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. காஞ்சிபுரத்தில் ஒரு கண் வந்தது. மிச்ச வழியெல்லாம் ஒற்றைக் கண்ணோடு வந்து, இந்தச் சன்னதியில் நின்று பாடினார்: “மீளா அடிமை உமக்கே ஆளாய்” என்று தொடங்கும் பதிகம். உமக்கே அடிமையாக இருந்து வேறு யாரிடமும் போகாத நாங்கள் இப்படித் துன்பப்பட்டால், நீர் “வாழ்ந்து போதீரே!” நம் வீட்டில் பாட்டிமார் வயிறெரிந்து “நல்லா இருடாப்பா” என்பார்களே, அதே தொனி. அதற்குப் பிறகுதான் மற்றக் கண் வந்தது.

இன்னொன்றும் உங்களுக்காகவே சொல்கிறேன். குண்டையூர்க் கிழார் என்ற பெரியவர் சுந்தரருக்கு நெல் கொடுக்கிறவர். ஒரு தடவை சிவனருளால் மலைமாதிரி நெல் குவிந்துவிட்டது. ஆரூரில் இருந்த இன்னொரு மனைவி பரவையார் வீட்டுக்கு அதைக் கொண்டுபோக வேண்டும். சுந்தரர் திருக்கோளிலிக்குப் போய், அதாவது இன்றைய திருக்குவளைக்கு, பாடுகிறார்: “ஆளிலை எம்பெருமான் அவை அட்டித்தரப் பணியே.” ஆள் கிடைக்கவில்லை சாமி, நீயே ஏற்றி அனுப்பு! இன்றைக்கு நம் வரப்பில் நின்று நாம் சொல்கிற அதே பேச்சு. ராத்திரியோடு ராத்திரியாகப் பூதங்கள் நெல்லைக் கொண்டுவந்து ஆரூர்த் தெருவெல்லாம் கொட்டிவிட்டன. விடிந்ததும் பரவையார், அவரவர் வாசலில் கிடப்பதை அவரவர் எடுத்துக்கொள்ளலாம் என்று பறை அறைவித்தார்.

சங்கிலியார் விஷயத்தால் பரவையார் கோபித்துக் கதவடைத்தபோது சமாதானம் பேச சுவாமியே ராத்திரியில் இரண்டு தடவை நடந்தார். முதல் தடவை அர்ச்சகர் வேஷத்தில். பலிக்கவில்லை. இரண்டாம் தடவை தன் வடிவிலேயே. வருஷத்துக்கு இரண்டு நாள் பாதம் காட்டுகிறார்களே, அது இந்தத் தெருவில் தூது நடந்த பாதம். “என்னுடைய தோழனுமாய் யான்செய்யும் துரிசுகளுக்கு உடனாகி” என்கிறார் சுந்தரர். நான் செய்கிற தப்புக்கும் கூட்டாளி! அவரைத் திட்ட உங்களுக்கு உரிமை இருக்கிறது. வயலைப் படம் எடுத்து வி.ஏ.ஓ.விடம் காட்டிவிட்டுத் திட்டுங்கள். பயிர்க் காப்பீட்டுக்கு நாள் தவறவிடாதீர்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒருவர்: உங்கள் ஊர்த் தேரை ஆழித்தேர் ஆழித்தேர் என்கிறீர்கள். பின்னால் புல்டோசர் தள்ளுகிறது, முன்னால் நாம் வடத்தைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறோம். இதில் என்ன பெருமை?

வாருங்கள். மகாமகத்து ஊர்க்காரர் கேட்பார் என்று தெரியும்.

மரத்தேர் மட்டும் சுமார் 30 அடி. மேலே மூங்கிலும் தேர்ச்சீலையும் கட்டி 96 அடிக்குக் கொண்டுபோவார்கள். கனம் 300 டன் என்பது கணக்கு. பழைய தேர் 1926-இல் எரிந்து போயிற்று. பிறகு செய்த தேரும் ஓடாமல் பல வருஷம் நிலையிலேயே நின்றது. 1970-இல் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது மறுபடி ஓடியது. சாமி இல்லை என்று பேசிய கட்சிக்காரர், பிறந்தது விடங்கத் தலமான திருக்குவளையில், தேரை ஓட விட்டது ஆரூரில். இதை வைத்து எங்கள் தெருவில் இன்னும் டீக்கடைச் சண்டை நடக்கும். திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பிறகு வந்தன. புல்டோசர் கிளப்பிவிடும், உண்மை. வடத்தில் கை வைத்துப் பாருங்கள், இழுப்பது யார் என்று உங்கள் தோள் சொல்லும்.

தஞ்சாவூர், பொறியாளர்: அதான் ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறதே. இன்னும் ஏன் முட்டுக்கட்டை போட்டு உயிரைப் பணயம் வைக்கிறார்கள்?

பிரேக் நிறுத்தும் சார், திருப்புமா? தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. முட்டுக்கட்டை என்றாலே தடை என்று அரசியல்வாதிகள் பழக்கிவிட்டார்கள். தேருக்கு அதுதான் கடிவாளம். புளியமரத்துக் கட்டை, ஆப்பு மாதிரி சரிவாகச் செதுக்கியது. எந்தச் சக்கரத்தில் எந்தக் கோணத்தில் கொடுக்கிறார்களோ, அதற்குத் தக்கபடி தேர் மூக்கைத் திருப்பும்.

என் பெரியப்பா கட்டை போட்டவர். வலது கட்டைவிரல் நகமே இருக்காது, தட்டையாக இருக்கும். சக்கரத்தைப் பார்க்கவே மாட்டார், மண்ணைத்தான் பார்ப்பார். சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் மெலிந்து வரும், அந்த நொடியில் கட்டை உள்ளே போக வேண்டும், கை வெளியே வர வேண்டும். கட்டை நசுங்கிப் புளியமர வாசனை வரும். மூலையில் இரும்புத் தகடு போட்டுக் கிரீஸ் தடவியிருப்பார்கள். அதில் தேர் முனகிக்கொண்டே திரும்பும்போது கூட்டம் சத்தமே போடாது. திரும்பி முடிந்ததும்தான் “ஆரூரா! தியாகேசா!”

திருவிடைமருதூர்: எங்கள் ஊர்த் தேரும் பெரிசுதான்.

“திருவாரூர்த் தேரழகு, திருவிடைமருதூர்த் தெருவழகு.” பழமொழியே பிரித்துக் கொடுத்துவிட்டது. தெருவை வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி கும்பகோணம்: ஆழி என்றால் கடல். கடல்போலக் கூட்டம் வருவதால் ஆழித்தேர். சரிதானே?

ஆழிக்குச் சக்கரம் என்றும் பொருள். தேவாரம் பாடிய அப்பர் “ஆழித்தேர் வித்தகனை நான் கண்டது ஆரூரே” என்கிறார். இந்தத் தேர் அன்றைக்கு இருந்தது என்று அதை வைத்துச் சாதிக்காதீர்கள், பாட்டு சுவாமியைப் பற்றியது. கடலா சக்கரமா என்று நானும் என் மைத்துனரும் இருபது வருஷமாகப் பேசுகிறோம். நான் சக்கரக் கட்சி.

மறுபடி தஞ்சாவூர்: ஞாயிற்றுக்கிழமை தேர் விட்டால் இன்னும் கூட்டம் வருமே?

பங்குனி ஆயில்யம். அதுதான் நாள். இடையில் சில வருஷம் நாள் தள்ளிப் போனதுண்டு, அதை ஊர் இன்னும் குறையாகத்தான் பேசுகிறது. சுவாமி லீவு பார்த்துப் புறப்பட மாட்டார்.

ஓமனிலிருந்து ஒரு தம்பி: கோயில் எத்தனை ஆயிரம் வருஷம் பழசு?

7-ஆம் நூற்றாண்டில் அப்பரே இதைத்தான் கேட்டார். நீ அது செய்த நாளோ, இது செய்த நாளோ, அதற்கு முன்னோ பின்னோ “திருவாரூர் கோயிலாக் கொண்ட நாளே” என்று ஒரு பதிகம் முழுக்கக் கேள்வி. அவருக்கே பதில் வரவில்லை. உள்ளே இருக்கும் அரநெறிக் கோயிலைக் கல்லால் கட்டியவர் செம்பியன் மாதேவி. “கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி” என்பார்கள். வேலி என்றால் 6 ஏக்கர் 67 சென்ட். பெருக்கிக்கொள்ளுங்கள்.

மதுரை: கடன்...

கடன் கொடுத்தவரிடம் போய் முதலில் பேசுங்கள். பிறகு ருணவிமோசனர்.

திருத்துறைப்பூண்டி: பஞ்சமுக வாத்தியம் எங்கள் ஊரிலும் இருக்கிறது. உங்கள் ஊரில் இப்போதும் வாசிக்கிறார்களா?

வாசிக்கிறார்கள். பார்க்காதவர்களுக்காக: குடம் மாதிரி ஒரே வெண்கல உடல், மேலே ஐந்து வாய், நடுவில் பெரிசு, சுற்றி நாலு. ஒவ்வொன்றும் தோல் கட்டியது. சிவனுடைய ஐந்து முகம் என்பார்கள். வாசிப்பவர்கள் பாரசைவர் மரபினர். சாயரட்சையில், அதாவது சாயங்காலப் பூஜையில், வந்து கேளுங்கள். ஏழு தலத்தையும் ஒரே நாளில் முடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், பாதி நாள் பூட்டின கதவைத்தான் பார்ப்பீர்கள். இரண்டு நாளாக வைத்து, கடைசியில் ஆரூர்ச் சாயரட்சைக்கு வாருங்கள். அந்த நேரத்துக்குத் தேவர்களே வருவதாக நம்பிக்கை. கோயில் குளமான கமலாலயத்தின் படியில் பாசி, கவனம்.

மறுபடி கும்பகோணம்: சரி ஐயா, வருகிற ஆயில்யத்துக்கு வருகிறேன். எங்கே நிற்கட்டும்?

மூலையில் நில்லுங்கள், நேர் தெருவில் வேண்டாம். செருப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எக்காரணம் கொண்டும் வடத்தைத் தாண்டாதீர்கள். வடம் எப்போது விறைக்கும் என்று யாருக்கும் தெரியாது. சாப்பாடு நம் வீட்டில்.

ஹைதராபாத்: ஐயா, தியாகராஜர் சமாதி கோயிலுக்குள் எந்தப் பக்கம்?

திருவையாறு. காவிரிக் கரை.