மெமோவுக்கு முன்னால் ஒரு பேச்சு

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். பனியனுக்குக் கழுத்து ரிப் (கழுத்தில் வரும் இழுபடும் பட்டை) வைக்கும் ஓவர்லாக் மெஷின் டெய்லர் அக்கா ஒருவர் முன்பெல்லாம் மணிக்கு 90 பீஸ் அடிப்பார். சீக்கிரம் முடித்துவிட்டால் வேலை தேங்கிய மெஷினுக்கு அவரைத்தான் அனுப்புவேன். புதுப் பெண்களுக்கும் அவரே சொல்லிக்கொடுப்பார். இரண்டு மாதமாக 65-ஐத் தாண்டுவதில்லை. கேட்டால், "இவ்வளவுதாங்க முடியும்" என்கிறார். வேலையில் மனசே இல்லை. மேனேஜர் மெமோ கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

ஷிப்ட் சம்பளம் எல்லோருக்கும் ஒன்று என்றால், 90 அடித்தவருக்கு நீங்கள் கொடுத்தது என்ன? அடுத்தவர் வேலை. மணிக்கு 60 மட்டும் அடித்தவரை யாரும் வேறு மெஷினுக்கு எழுப்பவே இல்லை. வேகமாகத் தைத்தால் தலையில் இன்னும் கட்டுவார்கள் என்று தெரிந்த பிறகு யாருக்குத்தான் கை ஓடும்? அவருக்கு மனசில்லை என்பதைவிட, மனசு விட்டுப்போகும்படி நடந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

டார்கெட்டையும் பாருங்கள். ரிப் வைக்க ஒரு பீஸுக்கு அரை நிமிடம் என்று கணக்குப் போட்டால் மணிக்கு 120 வரும். நூல் அறாமல், ஊசி உடையாமல், வெட்டிய துணிக்கட்டு (பண்டில்) வரக் காத்திராமல் ஓடினால்தான் அது. 60 சதவீதம் ஓடினால் 72. ஸ்டைல் மாறிய முதல் நாளில் அதுவும் வராது. இந்த இரண்டு மாதத்தில் இழுபடும் லைக்ரா கலந்த துணி வந்ததா? கோடு போட்ட துணி வந்ததா? கோடு சேர்த்துத் தைக்கிறவரிடம் ப்ளெயின் துணியின் எண்ணிக்கையைக் கேட்பது அநியாயம்.

டீ நேரத்தில் அவரைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். லைன் நடுவில் நின்று கேட்காதீர்கள். பத்துப் பேர் காதில் விழுந்தால் அவர் வாயைத் திறக்க மாட்டார். "ஏன் அக்கறை இல்லை" என்று ஆரம்பிக்காமல், "90 வந்த இடத்துல 65 வருது, எங்கக்கா தடைபடுது?" என்று கேளுங்கள். வீட்டுக் கஷ்டமோ தோள்வலியோ கூட இருக்கலாம். அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.

புதுப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கும் நேரத்தை அவர் டார்கெட்டில் கழித்துவிடுங்கள். கூடுதல் வேலைக்கு இன்சென்டிவ் வேண்டும் என்று மேனேஜரிடம் நீங்களே கேளுங்கள். அவருக்காகப் பேச அந்த லைனில் உங்களைத் தவிர யாரும் இல்லை. ஒரு மாதம் மணிவாரியாக எழுதிவையுங்கள், மெஷின் நின்ற நேரத்தோடு. எல்லாம் சரிசெய்த பிறகும் 65-தான் என்றால், அந்தக் கணக்கை வைத்து மெமோவைப் பற்றிப் பேசலாம்.