பர்ஸ் தொலைந்தால் பஸ்ஸில் இரக்கம் கிடைக்குமா? – ஒரு பழைய கண்டக்டரின் கேள்வி பதில்

ஈரோடு, கோபி, சத்தி, பொள்ளாச்சி என்று 26 வருடம் தோல் பையை மாட்டிக்கொண்டு ஓடியவன் நான். கடைசி ஐந்து வருடம் செக்கிங். இரண்டு பக்கமும் நின்றதால் இரண்டு பக்கத்துத் திட்டும் வாங்கியிருக்கிறேன். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம், ஊர் போதும்.

கவுந்தப்பாடி: ஏனுங்கண்ணா, ஈரோட்டில் பஸ் ஏறின பிறகுதான் பர்ஸ் காணோம்னு தெரிஞ்சது. கண்டக்டர்கிட்ட சொன்னேன். சித்தோட்டில் இறக்கிவிட்டுட்டார். இத்தனூண்டு காசுக்கு மனுசனை இப்படியா விடுறது?

உங்கள் கோபம் நியாயம்தானுங்க. ஆனால் அந்தக் கண்டக்டர் எதற்குப் பயந்தார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செக்கிங் ஏறினால் முதலில் டிக்கெட்டைக் கேட்க மாட்டோம், தலையை எண்ணுவோம். அப்புறம் கண்டக்டரின் மெஷினைத் தட்டினால், இந்த இடத்தில் வண்டிக்குள் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று சீட்டு வரும். முன்பு இதே கணக்கை இன்வாய்ஸ் தாளில் பார்த்தோம். ஒவ்வொரு ஸ்டேஜிலும், அதாவது கட்டணம் மாறும் நிறுத்தத்திலும், ஒவ்வொரு டிக்கெட் கட்டின் நம்பரையும் கண்டக்டர் அதில் எழுதி வைத்திருப்பார். கணக்கில் 47 வந்து, வண்டிக்குள் 48 தலை இருந்தால் அந்த ஒரு தலைக்குக் கண்டக்டர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த 48-வது ஆள் பர்ஸைத் தொலைத்தவரா, கண்டக்டரின் மச்சானா, காசைக் கொடுத்துவிட்டு டிக்கெட் வாங்காதவரா என்பது எந்தத் தாளிலும் தெரியாது. "பாவம்னு விட்டேன் சார்" என்பார். உண்மையாகவே இருக்கும். ஆனால் காசை வாங்கிப் பாக்கெட்டில் போட்டவரும் அதையேதான் சொல்வார்.

டெல்லியில் 1973-ல் நடந்தது இது. 15 பைசா டிக்கெட் கொடுக்க வேண்டிய ஒரு பெண்மணிக்குக் கண்டக்டர் 10 பைசா டிக்கெட் கொடுத்தார் என்று செக்கிங்கில் எழுதினார்கள். போனது 5 பைசா. 1976-ல் வேலையே போனது. 1990-ல் தொழிலாளர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லியும் நிர்வாகம் விடவில்லை. 40 வருடம் வழக்கு நடந்தது. இன்னொன்று, 1977-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஹரியானா கண்டக்டர் ஒருவரின் வழக்கு. டிக்கெட் இல்லாமல் இருந்த பயணிகளைத் துறை விசாரணையில் கூப்பிட்டுச் சாட்சி வாங்கவில்லையே என்பது அவர் வாதம். அது தேவையில்லை, பறக்கும் படை சொன்னதே போதும் என்று நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிவிட்டார். அதாவது, உங்களுக்காக இரக்கப்பட்டவர் மாட்டினால், "நான்தானுங்க காசு இல்லாமல் ஏறினேன்" என்று நீங்கள் வந்து சொல்வதற்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

அப்போ வழியே இல்லையா? இருக்கிறது. டிக்கெட்டைப் போட்டுவிட்டு, அதற்கான காசைக் கண்டக்டரே தன் சொந்தப் பணத்திலிருந்து எடுத்துத் தோல் பையில் வைப்பது. பொழுதோட சத்தியில் கிளம்பும் வண்டி ஒன்றில் நான் இருந்த காலம். பண்ணாரிக்குப் போய்விட்டு வந்த வயசான அமுச்சி ஒருவர், கோபிக்கு டிக்கெட் கேட்டுவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார், அவிழ்த்துக்கொண்டே இருக்கிறார். உள்ளே திருநீறுப் பொட்டலம் மட்டும்தான். காசு முடிந்த முடிச்சு வேறு சேலையில் இருந்திருக்கிறது. கோபிக்கு ஒரு டிக்கெட்டைக் கிழித்து அவர் கையில் வைத்துவிட்டு, என் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தோல் பையில் போட்டேன். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. சொந்தப் பணம் எவ்வளவு கொண்டுபோகிறோம் என்று ட்யூட்டி ஏறும்போதே எழுதிக் கொடுத்திருப்போம். கலெக்‌ஷன் பையில் காசு குறைந்தாலும் தப்பு, கூட இருந்தாலும் தப்பு. அதனால் காசை மாற்றிப் போடும்போது டிரைவரிடம் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போட்டேன். அமுச்சி அப்புறம் காசைக் கொண்டுவந்து கொடுத்தாரா என்று கேட்பீர்கள். இல்லை.

நீங்கள் அடுத்த முறை செய்ய வேண்டியது: வண்டி எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்டாண்டில் நிற்கும்போது சொன்னால் பக்கத்துச் சீட்டுக்காரராவது எடுத்துக் கொடுப்பார். மூன்று ஸ்டேஜ் தாண்டிச் சொன்னால் கண்டக்டருக்கு உங்கள் முகம் வேறு மாதிரித் தெரியும்.

பெருந்துறை, கல்லூரி மாணவர்: ஜிபே போகலை. மறுபடி ஸ்கேன் பண்றதுக்குள்ள செக்கிங் ஏறிட்டாங்க. அபராதம் போடலாமா?

மோட்டார் வாகனச் சட்டம் 124-வது பிரிவு, வண்டிக்குள் டிக்கெட் கொடுக்கும் ஏற்பாடு இருந்தால், ஏறியபின் கூடிய சீக்கிரம் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்கிறது. அந்தக் "கூடிய சீக்கிரம்" எவ்வளவு என்பதுதான் செக்கர் கையில் இருக்கிறது. வாங்காவிட்டால் 178-வது பிரிவில் 500 ரூபாய் வரை அபராதம். "வரை" என்று இருப்பதைக் கவனி தம்பி. காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்காத கண்டக்டருக்கும் அதே பிரிவில்தான் தண்டனை, அதுவும் 500 வரைதான்.

நான் பார்த்தது: ஏறி ஒரு ஸ்டேஜ்கூடத் தாண்டவில்லை, கையில் போன் திறந்தபடி இருக்கிறது, கண்டக்டரும் "ஆமாம் சார், ஒருக்கா ஃபெயில் ஆச்சு" என்கிறார் என்றால், டிக்கெட்டைப் போடச் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவேன். மூன்று ஸ்டேஜ் தாண்டி, சன்னலில் தலை சாய்த்துக் கண்ணை இறுக்கி மூடியிருந்தால், அந்தத் தூக்கத்துக்கு அபராதம் எழுதியிருக்கிறேன். நிஜமாகத் தூங்குகிறவன் கண்ணை அவ்வளவு இறுக்கமாக மூட மாட்டான். செல்போன் உறையில் ஒரு ஐம்பது ரூபாய்த் தாளைச் செருகி வை.

பல்லடம்: டவுன் பஸ்ஸில்தான் பொம்பளைங்களுக்குக் காசே கிடையாதே, அப்புறம் எதுக்கு அந்தச் சீட்டு? கூட்டத்தில் கண்டக்டர் வர்றதுக்குள்ள எங்க ஸ்டாப்பே வந்துருது.

வாங்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும் அம்முணி. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்தப் பயணத்துக்கு அரசாங்கம் பணம் தருகிறது, அதற்குக் கணக்கு அந்தச் சீட்டுதான். மேலே சொன்ன தலை எண்ணிக்கையும் இதற்குப் பொருந்தும். நீங்கள் வாங்காமல் இறங்கினால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, கண்டக்டருக்குத்தான் மெமோ. அப்புறம், போர்டைப் பார்த்து ஏறுங்கள். நம்ம பக்கம் தனியார் டவுன் பஸ்ஸும் அதே ரூட்டில் முன்னும் பின்னுமாக ஓடுகிறது. அதிலும், எக்ஸ்பிரஸ், சொகுசு போர்டு போட்ட வண்டியிலும் காசு உண்டு. தெரியாமல் ஏறிவிட்டேன் என்றால் அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிடலாம், சும்மா கூட்டிப்போக முடியாது.

காங்கயம்: என் பையனுக்கு நாலரை வயசு. அரை டிக்கெட் எடுக்கச் சொல்றாங்க.

வேண்டியதில்லை. முன்பு மூன்று வயது வரைதான் இலவசம். 2022-ல் அதை ஐந்தாக உயர்த்தினார்கள். ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை அரை டிக்கெட். பையன் உயரமாக இருந்தால் கண்டக்டர் சந்தேகப்படுவார், ஆதாரைக் காட்டுங்கள். ஒரு மாரியம்மன் நோம்பிச் சமயம், "மூணுதானுங்க ஆகுது" என்று ஒரு அம்மா சொல்ல, மடியில் இருந்த சின்ன அம்முணி "அம்மா, நான் ஒண்ணாப்பு போறனே" என்று வாயைத் திறந்துவிட்டது. வண்டியே சிரித்தது. அந்த அம்மா மட்டும் இறங்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தியூர்: தூங்கிப்போய் என் ஸ்டாப்பைத் தாண்டிட்டேன். மேல காசு கேட்கிறாங்க.

கொடுக்கத்தான் வேண்டும். திரும்பி வருவதற்கும் சேர்த்து.

உடுமலைப்பேட்டை, விவசாயி: லக்கேஜுக்கு ஒரு நாள் கேட்கிறாங்க, ஒரு நாள் கேட்கிறதில்லை. எதுதான் சட்டம்?

சட்டம் எடையைச் சொல்லும். வண்டியில் தராசு கிடையாது. அதனால் மற்ற எதையும்விட இதில்தான் கண்டக்டரின் சொந்த மனசு வேலை செய்கிறது. ஒரு தக்காளிக் கூடை, ஒரு சிப்பம் முருங்கை என்றால் நான் கேட்டதே இல்லை. பட்டுக்கூடு வேறு விஷயம். எடை கொஞ்சம்தான், ஆனால் இடம் பெரிது. மேலே எதையும் வைக்க முடியாது, நசுங்கினால் விலை போச்சு, காற்றும் வேண்டும். தருமபுரி அங்காடிக்குப் போகும் மூட்டைக்குப் பின் சீட்டையே விட வேண்டியிருக்கும். அதற்கு லக்கேஜ் போட்டேன். எடைக்கு அல்ல, அங்கே உட்கார முடியாமல் நின்ற ஆட்களுக்காக.

இந்தச் சுதந்திரத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த மூதாட்டியை நாற்றம் அடிக்கிறது என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். டிரைவர், கண்டக்டர், நேரக் காப்பாளர் மூவரையும் சஸ்பெண்ட் செய்தார்கள். கண்டக்டர் மனசுப்படி விடட்டும் என்று கேட்கிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். மனசு இரண்டு பக்கமும் சாயும்.

திருப்பூர்: சாதாரண டிக்கெட்டில் இன்டர்சிட்டி சூப்பர்ஃபாஸ்ட் ரயிலில் ஏறிட்டேன். பதினைஞ்சு ரூபாய் வித்தியாசத்துக்கு 250-க்கு மேல போட்டுட்டார் டிடிஇ. இது கொள்ளை இல்லையா?

வலிக்கத்தான் செய்யும், ஆனால் சட்டப்படி சரி. சூப்பர்ஃபாஸ்ட்டுக்கு இரண்டாம் வகுப்பில் கூடுதல் 15 ரூபாய். அது இல்லாமல் ஏறினால் 1989-ம் வருட ரயில்வே சட்டத்தின் 138-வது பிரிவு. வித்தியாசத் தொகையோடு, கூடுதலாக 250 ரூபாயோ அந்த வித்தியாசத்துக்குச் சமமான தொகையோ, எது அதிகமோ அது. ஏமாற்றும் எண்ணத்தோடு ஏறினால் 137-வது பிரிவு. அதில் ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. தெரியாமல் ஏறியவருக்கு 138 போடுவதா, 137 போடுவதா என்பதில்தான் டிடிஇயின் மனசு. உங்களுக்கு 138-தான் போட்டிருக்கிறார்.

பலருக்குத் தெரியாதது 55-வது பிரிவு. கவுன்டரில் கூட்டம், ரயில் வந்துவிட்டது என்றால் ஏறுவதற்கு முன்பே அதற்கு அதிகாரம் உள்ள ரயில்வே ஊழியரிடம் சொல்லி அனுமதி கேட்கலாம். பிறகு கட்டணம் கட்டுவேன் என்ற நிபந்தனையோடு அவர் ஒரு சான்று தரலாம். ஏறியபின் மாட்டிக்கொண்டு சொல்வதற்கும், முன்பே போய்ச் சொல்வதற்கும் சட்டமே வித்தியாசம் வைத்திருக்கிறது.

இன்னொன்று, வீட்டில் பெண்களுக்குச் சொல்லி வையுங்கள். 139-வது பிரிவுப்படி டிக்கெட் இல்லாதவரை இறக்கிவிடலாம். ஆனால் ஆண் துணையில்லாமல் வரும் பெண்ணையோ குழந்தையையோ கண்ட இடத்தில் இறக்க முடியாது. ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், கடைசி ஸ்டேஷன், மாவட்டத் தலைநகர் இவற்றில்தான், அதுவும் பகலில்தான் இறக்கலாம். ஈரோட்டில் ஏறிக் கோவை போகிறவரைத் திருப்பூரில் பகலில் இறக்கலாம், விஜயமங்கலத்திலோ சோமனூரிலோ இறக்கக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு எங்கேயும் கூடாது. கறாரான சட்டம் என்று பெயர் எடுத்த ஒன்றுக்குள்ளேயே இந்தக் கரிசனம் எழுதி வைத்திருக்கிறது. டிடிஇக்கு இதில் இரக்கப்பட வேண்டிய வேலையே இல்லை, படித்திருந்தால் போதும்.

கோவை, சிங்காநல்லூர்: 60 தாண்டிட்டேன். சலுகை உண்டுங்களா?

ரயிலில் இருந்ததை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். முதியோர் பஸ் டோக்கன் சென்னை மாநகரத்தில்தான்.

புளியம்பட்டி: மீதிச் சில்லறை தராமலே இறங்க வைக்கிறாங்க. இதுக்கு மட்டும் ரூல் கிடையாதா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். காலை முதல் சிங்கிளில், அதாவது முதல் நடையில், ஏறுகிறவர்களில் பாதிப் பேர் நூறு ரூபாய்த் தாளை நீட்டுவார்கள். டிக்கெட்டின் பின்னால் பேனாவால் பாக்கியை எழுதிச் சுற்றிவிட்டுக் கொடுப்போம். அது கடன் சீட்டு மாதிரி. அதைக் கையில் வைத்திருந்தால் கேட்டு வாங்கலாம். சன்னலில் செருகிவிட்டு, இறங்கும் அவசரத்தில் மறந்துவிடுவீர்கள். அப்படிச் சேர்ந்த சில்லறையும் கண்டக்டர் கணக்கில் கூடுதல் பணம்தான். நேர்மையானவருக்கு அது தலைவலி, மற்றவருக்கு டீக்காசு. மற்றவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். இறங்குவதற்கு இரண்டு ஸ்டாப் முன்பே எழுந்து போய்க் கேளுங்கள்.

கோபி, பள்ளி மாணவியின் அப்பா: ஜூனில் புது பாஸ் வர்றதுக்குள்ள என்ன பண்றது?

பழைய பாஸோ, யூனிஃபார்மோ போதும் என்று ஒவ்வொரு வருடமும் அறிவிப்பு வரும். கண்டக்டர் தகராறு செய்தால் வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு கிளை மேலாளரிடம் சொல்லுங்கள்.

தாராபுரம், தனியார் பஸ் கண்டக்டர், வயது 23: அண்ணா, ஒருத்தரை விட்டால் மறுநாள் நாலு பேர் கேட்கிறாங்க. யாரை விடலாம்?

டிக்கெட் இல்லாமல் யாரையும் விடாதே. காசு இல்லாமல் விடலாம். இரண்டும் ஒன்றில்லை என்பது உனக்கு இதற்குள் புரிந்திருக்கும். உன் வண்டிக்கு முதலாளி ஒருவர்தானே, எனக்கு இல்லாத வசதி அது. நேரிலேயே போய், "மாசம் எத்தனை டிக்கெட் நான் சும்மா போட்டுக்கலாம்?" என்று கேள். சிரிப்பார். சிரித்துவிட்டு ஒரு எண் சொல்வார். அஞ்சோ, பத்தோ. அதை ஒரு சின்ன நோட்டில் தேதி, ஏறின ஊர், இறங்கின ஊர் என்று எழுதி, மாதக் கடைசியில் அவரிடம் காட்டிவிடு. கேட்கிற நாலு பேரிடமும் "இந்த மாசக் கணக்கு முடிஞ்சுதுங்க" என்று கூசாமல் சொல்லலாம்.

ராத்திரிக் கடைசி வண்டியில் பொம்பளைகளையும் வயசானவர்களையும் மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே, எண் முடிந்துபோனாலும் இறக்காதே. குடித்துவிட்டு வம்பு செய்கிறவனை ஆள் நடமாட்டம் இருக்கிற ஸ்டாண்டில் இறக்கு, இருட்டில் வேண்டாம். முதலாளி என்ன எண் சொன்னார் என்று அடுத்த முறை எழுது.