ஓரிடத்தில் நிலைக்காத குழந்தைக்கு மாண்டிசோரி பயிற்சிகள்

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. எந்த விளையாட்டுப் பொருளை எடுத்தாலும் இரண்டு நிமிடத்தில் போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறான். பென்சிலை முழுக்கையால் இறுகப் பற்றுகிறான். மாண்டிசோரி உபகரணங்கள் வாங்கித் தந்தால் மாற்றம் வருமா? வீட்டில் இருப்பவற்றைக் கொண்டே பழக்க முடியுமா?

பதில்: வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். மூன்றரை வயதில் கவனம் தாவுவது இயல்புதான் என்றாலும், கூடை நிறையப் பொம்மைகள் எதிரில் கொட்டிக் கிடக்கும்போது எந்தக் குழந்தையும் ஒன்றில் நிலைக்காது. கைக்கு எட்டும் உயரத்தில் உள்ள அலமாரியில் ஒரு செயலுக்கு ஒரு தட்டு என்ற கணக்கில் நான்கைந்து தட்டுகளை மட்டும் வையுங்கள். எடுத்ததை அதே இடத்தில் திரும்ப வைத்த பிறகே அடுத்ததை எடுக்கலாம் என்ற ஒரு விதி போதும்.

முதல் தட்டு, தண்ணீர் ஊற்றுவதற்கானதாக இருக்கட்டும். கைப்பிடியும் மூக்கும் உள்ள இரண்டு சிறு குவளைகள், ஒன்றில் பாதியளவு தண்ணீர், பக்கத்தில் ஒரு பஞ்சுத் துண்டு. நீங்கள் ஒருமுறை மெதுவாகச் செய்து காட்டுங்கள்: ஒரு கையால் கைப்பிடியைப் பற்றி, மறுகை விரல்களால் மூக்குக்குக் கீழே தாங்கி, காலிக் குவளையின் நடுவுக்கு நேராகக் கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தி, பிறகு சாய்த்து, கடைசித் துளி விழும்வரை பொறுத்திருக்க வேண்டும். அப்போது விளக்கம் சொல்லாதீர்கள்; பேசினால் குழந்தையின் பார்வை கையிலிருந்து முகத்துக்குப் போய்விடும். தட்டில் சிந்திய நீரே அவனுடைய பிழையைக் காட்டிவிடும், பஞ்சால் துடைப்பதும் பயிற்சியின் பகுதியே என்பதால், "பார்த்து ஊற்று" என்ற எச்சரிக்கை தேவைப்படாது. இப்படிப் பிழையைப் பொருளே காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு மாண்டிசோரி முறையின் ஆதாரங்களில் ஒன்று.

அவன் அதையே திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கினால் குறுக்கிடாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் காரியம் கெடுவது இங்கேதான் என்பது என் கருத்து. இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். மர உருளைகளை ஒரு கட்டையில் உள்ள குழிகளில் பொருத்திக்கொண்டிருந்த ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, சுற்றிலும் மற்ற குழந்தைகளைப் பாடச் செய்தும், அமர்ந்திருந்த நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தும்கூட, நாற்பது முறைக்கு மேல் அதையே செய்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். ஆனால் எல்லாக் குழந்தைகளும் அந்தச் சிறுமியைப் போல இருப்பதில்லை. கவனம் இப்போதுதான் வேர்பிடிக்கும் குழந்தைக்கு நாம் கைதட்டிச் சொல்லும் "சபாஷ்" கூட இடையூறுதான்.

பென்சிலைப் பொறுத்தவரை, மேற்சொன்ன உருளைகளின் தலையில் உள்ள குமிழைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பிடிக்கும் பழக்கமே பின்னர் எழுதுகோலைப் பிடிக்க உதவுகிறது. ஓர் உபகரணம் மட்டும் வாங்க முடியும் என்றால், பத்து உருளைகள் கொண்ட அந்தக் கட்டையையே நான் பரிந்துரைப்பேன். துணிக் கிளிப்புகளை அட்டையின் விளிம்பில் மாட்டுதல், சொட்டுக்குழாயால் நீரை உறிஞ்சிச் சிறு கிண்ணங்களில் விடுதல் ஆகியவையும் அதே மூன்று விரல்களுக்கு வேலை தரும். பஞ்சைப் பிழிவதும் திருகு மூடிகளைத் திறந்து மூடுவதும் உள்ளங்கைக்கும் மணிக்கட்டுக்கும் வலுச் சேர்க்கும். மணி கோத்தலும் நல்லதே. ஆனால் வாயில் போட்டுக்கொள்ளும் வயதில் தம்பியோ தங்கையோ இருந்தால், மணிகளை நீங்கள் அருகில் இருக்கும்போது மட்டும் எடுங்கள்.

உடல் முழுவதன் ஒத்திசைவுக்கு, தரையில் நீள்வட்டமாக ஒட்டுநாடா ஒட்டி, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியைத் தொடுமாறு வைத்து நடக்கச் சொல்லுங்கள். தடுமாற்றம் குறைந்த பிறகு, கையில் தண்ணீர்க் குவளையைக் கொடுத்து நடக்க வைக்கலாம்.

பெயர் சொல்லி அழைத்தாலும் அவன் பெரும்பாலும் திரும்பாதிருந்தாலோ, அடிக்கடி தடுக்கி விழுந்தாலோ, முன்பு செய்துவந்ததை இப்போது செய்ய முடியாமல் போனாலோ, இந்தப் பயிற்சிகளின் பலனுக்காகக் காத்திராமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.