5 எச்பி லேத், ரோட்டரி ஃபேஸ் கன்வெர்ட்டர்: 30 ஆம்பியர் பிரேக்கர் ஏன் விழுகிறது?

ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தை மூன்று ஃபேஸாக மாற்றித் தரும் இந்தக் கன்வெர்ட்டருக்கு 30 ஆம்பியர் போதாது. 40 ஆம்பியர் இரட்டை போல் பிரேக்கர், 8 கேஜ் செம்புக் கம்பி போடுங்கள். அமெரிக்க மின் விதித்தொகுப்பின் 455ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட மோட்டாருக்கான கன்வெர்ட்டர் என்றால் அந்த மோட்டாரின் மூன்று ஃபேஸ் மின்னோட்டத்தில் 250 சதவீதத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். 230 வோல்ட்டில் 5 எச்பிக்கு 15.2 ஆம்பியர், பெருக்கினால் 38.

மோட்டார் கணக்கை அப்படியே உள்ளே வரும் பக்கத்துக்கும் போட்டுவிட்டீர்கள் போல. ஒற்றை ஃபேஸில் அதே வேலைக்குக் குறைந்தது 26 ஆம்பியர் இழுக்கும். ஐட்லர் (கன்வெர்ட்டரில் சும்மா சுழலும் மோட்டார்) கிளம்பும்போது இழுப்பது தனி.

லேத் ஆழமாக வெட்டும்போது உள்ளே வரும் கம்பியில் கிளாம்ப் மீட்டர் (கம்பியைச் சுற்றிப் பிடித்து ஆம்பியரை அளக்கும் கருவி) மாட்டி எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள்.

8 கேஜைவிட மெல்லிய பழைய 10 கேஜ் கம்பியை வைத்துக்கொண்டு பிரேக்கரை மட்டும் மாற்றாதீர்கள். அப்புறம், கான்டாக்டரின் (மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் காந்த சுவிட்ச்) காயிலைக் கன்வெர்ட்டர் புதிதாக உண்டாக்கும் மூன்றாவது ஃபேஸில் சேர்க்கக் கூடாது. பின்னால் வேறு இயந்திரங்களும் மாட்டுவதாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது கன்வெர்ட்டர் தகட்டிலுள்ள உள்ளீட்டு ஆம்பியரின் 125 சதவீதம்தான் கணக்கு.