கறுப்புப் புள்ளிக்குப் புதுக் கமராவா?

வணக்கம் ரீச்சர். சுன்னாகப் பாடசாலை நுணுக்குக்காட்டிக் கமராவில் கறுப்புப் புள்ளிகள் தெரிவதால் 18 மெகாபிக்சலில் புதிதாக வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கமரா பொருத்தியிருக்கும் பார்வைத்துண்டுக் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) குழாயிலேயே அதை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். பார்க்கும் பொருளின் படம் சுழல, புள்ளிகள் மட்டும் திரையில் அசையாமல் நின்றால் தூசு கமராவில்தான். காற்றடிக்கும் ரப்பர் பந்தால் ஊதிவிடுங்கள். வாயால் வேண்டாம், எச்சில் படும். புள்ளிகளும் சேர்ந்து சுழன்றால் வழுக்கியையும் (மாதிரி வைக்கும் கண்ணாடித் தகடு) பொருள்வில்லையையும் (மாதிரிக்கு அருகில் உள்ள வில்லை) துடையுங்கள்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் 5 மெகாபிக்சல் தாராளம். சாதாரண 40 மடங்குப் பொருள்வில்லை பிரித்துக் காட்டுவதே ஏறக்குறைய அரை மைக்ரோமீற்றர் வரைதான். அதைவிட நுண்ணியது எப்படியும் தெளியாது, பிக்சலைக் கூட்டினால் கோப்புத்தான் பெரிதாகும். பார்வைத்துண்டுக் குழாயின் உள்விட்டத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பெரும்பாலும் 23.2 மில்லிமீற்றர், சிலவற்றில் 30. அப்புறம், மழைக்காலத்தில் கமராவை, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.