பெரிய நிறுவனங்களின் இணையச் சேவைகளை விட்டுவிட்டு, பயனர்களே கூடி நடத்தும் மாற்றுகளுக்கு மாறியவர்கள் யாராவது உண்டா? நடைமுறையில் ஒத்துவருகிறதா?

மாறியிருக்கிறேன், ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. மேப் மாறிவிட்டது. சமூக வலைத்தளம் பாதி. வாட்ஸ்அப்பை அசைக்கவே முடியவில்லை. ஒன்று ஏன் சுலபமாக நடந்தது, இன்னொன்று ஏன் நடக்கவே இல்லை என்பதை வேண்டுமானால் சொல்கிறேன்.

இருப்பது பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் பேச்சு தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம், துணிமணிக்குப் பொள்ளாச்சி. தேங்காய் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். லோடு ஏற்ற வருகிற லாரிகளுக்குப் போனில் வழி சொல்வதும் என் தலையில்தான்.

பெரிய நிறுவனம் ஒன்றின் மேப், தோப்புக்குக் குறுக்கு வழி என்று சொல்லி வெளியூர் லாரியை இட்டேரிக்குள் இறக்கிவிடும். இரண்டு பக்கமும் வேலி. திருப்ப இடம் இருக்காது. ரிவர்ஸ் எடுத்து வருவதற்குள் டிரைவர் என் பரம்பரையையே விசாரித்துவிடுவார். அந்த மேப்பில் திருத்தம் அனுப்பினால் நன்றி என்று பதில் வரும், இட்டேரி அப்படியே ரோடாகவே இருக்கும். யாரிடம் போய்க் கேட்பது?

இந்த எரிச்சலில்தான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பக்கம் போனேன். 2004இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. கணக்கு ஒன்று தொடங்கினால் யாரும் வரையலாம், திருத்தலாம். திருத்தியது சில நிமிடங்களில் அவர்கள் தளத்தில் தெரிந்துவிடும். போனில் ஆஃப்லைனாக வைத்துக்கொள்ள ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்ம்அண்ட் போன்ற செயலிகள் உண்டு. அவற்றில் புதிய தகவல் வந்து சேரக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

எனக்குப் பிடித்துப்போனது, ஒரு பாதையைப் பற்றி எவ்வளவு எழுத முடியும் என்பதுதான். தார் ரோடா மண் பாதையா, அகலம் எவ்வளவு, வாய்க்கால் பாலம் எத்தனை டன் தாங்கும், கனரக வண்டிக்குத் தடை உண்டா, எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறிப்பு. ஊர்ப் பெயரைத் தமிழில், மலையாளத்தில், ஆங்கிலத்தில் என்று தனித்தனியாகப் பதியலாம். ஓஸ்ம்அண்டில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் வேலந்தாவளமும் ஒழலப்பதியும் எருத்தேம்பதியும், தமிழ்ப் பெயர் பதிந்திருக்கும் பட்சத்தில், தமிழிலேயே தெரியும். மலையாளம் தெரிந்த டிரைவர் அதே ஊரை மலையாளத்தில் பார்த்துக்கொள்வார். எல்லையில் இருக்கிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வரைய உட்காரும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு: கூகுள் மேப்பைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது. நேரில் பார்த்தது, பெயர்ப் பலகையில் இருப்பது, அனுமதி பெற்ற செயற்கைக்கோள் படங்களில் தெரிவது, இவ்வளவுதான். பழகுவதற்கு ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆண்ட்ராய்டு செயலி நல்லது. நடந்து போகும்போது ‘இந்த ரோடு என்ன ரோடு?’ என்று அதுவே கேட்கும், நாம் தட்டினால் போதும். வியாபாரம் இல்லாத மத்தியானங்களில் பைக்கை எடுத்துக்கொண்டு வாய்க்கால் மேடெல்லாம் சுற்றினேன். வீட்டில் என்னைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

கேரளத்தில் இதற்கு ஆள்பலமும் உண்டு. 2018 வெள்ளத்தின்போது தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வேலை செய்தார்கள். பிறகு மாநில அரசே ‘மேப்பத்தான் கேரளம்’ என்று இதே மேப்பை வைத்து ஒரு திட்டம் நடத்தியது.

இப்படி வரைவதைக் கூகுளும் ஒரு காலத்தில் அனுமதித்தது. 2008இல் வந்த மேப் மேக்கர் அதற்குத்தான். 2017 மார்ச்சில் மூடினார்கள். ஜனங்கள் சேர்த்த தகவல் அவர்கள் மேப்போடு போய்விட்டது, வேறு மேப்புக்கு அதை எடுத்துவர உரிமை கிடையாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் மொத்த உலகத் தரவையும் யாரும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு இதை நடத்தும் அமைப்பே கலைந்தாலும் என் இட்டேரி இன்னொரு இடத்தில் உயிரோடிருக்கும்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. நேரடி டிராஃபிக் நிலவரம் கிடையாது. கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது அநேகமாக இருக்காது. வீட்டு முகவரி போட்டுத் தேடினால் நம் ஊர்ப் பக்கம் கையை விரித்துவிடும். கோவை ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போகிற அன்றைக்குப் பழைய மேப்தான்.

மேப்பில் ஒரு வசதி, நான் ஒருத்தன் மாறினாலே எனக்குப் பயன் கிடைத்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் மாறியிருக்க வேண்டியதில்லை. மெசேஜிங் அப்படி இல்லை. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்தபோது உலகமே சிக்னல் என்ற மெசேஜிங் செயலிக்கு ஓடியது. நானும் சொந்தக்காரர்களை இழுத்துப் பார்த்தேன். அத்தை கேட்டது இது: “அதுல யாரு கண்ணு இருக்கறாங்க? நீ மட்டுந்தானே இருக்கறே?” பதில் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூட பிடிஏ, குடும்பஸ்ரீ அயல்கூட்டம் (கேரளத்தின் பெண்கள் சுயஉதவிக் குழு), கோயில் கமிட்டி எல்லாம் வாட்ஸ்அப்பில். அங்கே இல்லாதவன் ஊரிலேயே இல்லாதவன்.

சிக்னல்கூட லாபநோக்கற்ற ஓர் அறக்கட்டளையின் கையில் இருப்பது, ஒரே அமைப்பின் சர்வர். நீங்கள் கேட்கும் ‘கூடி நடத்துவது’ மேட்ரிக்ஸ், எக்ஸ்எம்பிபி வகையறாதான். இவை செயலிகள் இல்லை, மெசேஜ் அனுப்புவதற்கான பொது நெறிமுறைகள். யாரும் தனி சர்வர் போடலாம், சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். எஃப்எஸ்சிஐ என்ற இந்தியத் தன்னார்வலர் குழு நன்கொடையில் இப்படிப்பட்ட சர்வர்களை நடத்தி வந்திருக்கிறது. அவர்களில் சிலர் தொடங்கிய பிரவ் என்ற செயலியைக் கூட்டுறவுச் சங்கமாகவே நடத்த வேண்டும் என்பது நோக்கம். எங்கள் பால் சொசைட்டி மாதிரி, ஊற்றுகிறவனே பங்குதாரர். யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் என் அத்தை அதிலும் இல்லை. 2023 மே மாதம் மத்திய அரசு தடை செய்த 14 செயலிகளில் மேட்ரிக்ஸுக்கான எலிமென்ட் செயலியும் ஒன்று. அதன் பிறகு யாருக்கும் பரிந்துரைக்கவே கூச்சமாகிவிட்டது. மேட்ரிக்ஸ் பொது நெறிமுறை என்பதால் ஃப்ளஃபிசாட் போல வேறு செயலி வழியாகப் போகலாம் என்று விளக்கினால் யார் நின்று கேட்கிறார்கள்!

சமூக வலைத்தளத்தில் நான் போன இடம் மாஸ்டடன், அது நடுவில் நிற்கிறது. எக்ஸ் மாதிரிதான், ஆனால் தனித்தனி ஆட்கள் நடத்தும் பல சர்வர்கள் சேர்ந்தது. விளம்பரம் கிடையாது, பதிவுகள் நேர வரிசையில் வரும், சத்தம் குறைவு. தமிழ்க் கூட்டமும் குறைவு. எழுதுவதற்கு நல்ல இடம், வம்பளக்க ஆள் வேண்டுமென்றால் எக்ஸ்தான். சர்வரைத் தேர்ந்தெடுக்கும்போது அழகான பெயரைப் பார்க்காதீர்கள், நடத்துகிறவர்கள் யார், செலவுக் கணக்கு வெளியிடுகிறார்களா என்று பாருங்கள். மொசில்லா போன்ற பெரிய அமைப்பே தன் சர்வரை 2024 டிசம்பரில் மூடியது. வேறு சர்வருக்குப் போகும்போது பின்தொடர்கிறவர்களைக் கூட்டிப் போகலாம், பழைய பதிவுகள் கூட வராது. அதனால் அவ்வப்போது காப்பி இறக்கி வையுங்கள். முடிந்தால் சர்வர் செலவுக்குக் கொஞ்சம் பணமும் அனுப்புங்கள், விளம்பரம் இல்லாத இடத்தில் வாடகை யாரோ ஒருவர் கையிலிருந்துதான் போகிறது.

ஆபீஸ் மென்பொருளைப் பற்றிக் கேட்டால் எனக்கு அது மாற்றமே இல்லை. கேரளப் பள்ளிக்கூடங்களில் ஐடி பாடமே கட்டற்ற மென்பொருளில்தான், எங்கள் பிள்ளைகள் விண்டோஸுக்கு மாற்றான உபுண்டுவில்தான் கை பழகுகிறார்கள். மண்டியில் எம்எஸ் ஆபீஸுக்கு மாற்றான லிபரே ஆபீஸ் போட்டபோது பக்கத்தில் யாரும் புருவம்கூடத் தூக்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் படித்த மச்சான் மட்டும் இன்னும் “எக்செல் எங்க மாப்ளே?” என்று கேட்கிறார்.

மின்னஞ்சலைக் கடைசியாகத் தொடுங்கள். பேங்க், வரி, இன்சூரன்ஸ் எல்லாம் அதில் கட்டியிருக்கும். சொந்தமாக ஒரு டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் இணையப் பெயர்) வாங்கி முகவரியை அதில் அமைத்துக்கொண்டால், பின்னால் எந்தச் சேவைக்கு மாறினாலும் முகவரி மாறாது. பழைய முகவரிக்கு வருகிறதைப் புதியதற்குத் திருப்பிவிட்டு, ஒவ்வொரு இடமாக மாற்றிக்கொண்டு வாருங்கள். டொமைனை வருஷா வருஷம் புதுப்பிக்க மட்டும் மறந்துவிடக் கூடாது. விட்டால் வேறு யாராவது வாங்கி, உங்கள் பேங்க் கடிதங்களை அவர்கள் படிப்பார்கள்.