சிப்பி எந்தக் கடலுடையது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

புதிய கற்கால வணிகம் பற்றிய உங்கள் கட்டுரையில், ஐரோப்பாவின் உள்நாட்டுக் கல்லறைகளில் கிடைத்த சிப்பி வளைகள் கருங்கடலைச் சேர்ந்தவை அல்ல, மத்தியதரைக்கடலின் கிரேக்கப் பகுதியான ஏஜியன் பக்கத்திலிருந்து வந்தவை என்று 1970-லேயே தெரிந்துவிட்டதாக ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எல்லாக் கடலும் உப்புநீர்தானே? எல்லாச் சிப்பியும் சுண்ணாம்புதானே? ஏழாயிரம் ஆண்டுகள் மண்ணில் கிடந்த ஓட்டை வைத்து அது வளர்ந்த கடலை எப்படிச் சொல்கிறார்கள்? கீழடியில் கிடைத்த சங்கு வளையல்களையும் இப்படிச் சோதிக்கலாமா?

ஒரு வாசகி,
சிவகங்கை

அன்புள்ள வாசகிக்கு,

சுண்ணாம்புதான். ஆனால் அந்தச் சுண்ணாம்பில் உள்ள ஆக்சிஜன் கடல்நீரின் குணத்தைக் காட்டும். ஆக்சிஜனில் பெரும்பகுதி எடை 16 கொண்டது. எடை 18 கொண்டது ஆயிரத்தில் இரண்டு அளவே இருக்கும். நீர் ஆவியாகும்போது எடை குறைந்தது முந்திக்கொண்டு போகும், கனமானது பின்தங்கும். ஆகவே மழைநீரிலும் ஆற்றுநீரிலும் கனமான ஆக்சிஜன் குறைவு. கருங்கடலில் டான்யூப், நீப்பர் போன்ற பெரிய ஆறுகள் வந்து விழுகின்றன. அதன் மேற்பரப்பு நீரில் உப்பு ஏஜியனில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். கனமான ஆக்சிஜனின் விகிதமும் அங்கே ஏஜியனைவிட ஆயிரத்துக்குச் சுமார் நான்கு குறைவு.

நீரின் வெப்பமும் இந்த விகிதத்தை மாற்றும் என்பது உண்மை. வெப்பம் நான்கு டிகிரி கூடினால் ஓட்டில் ஆயிரத்துக்கு ஒன்று குறையும். அப்படியானால், ஏஜியனில் வளர்ந்த சிப்பி கருங்கடல் சிப்பிபோல் தோன்ற வேண்டுமென்றால் ஏஜியன் பதினாறு டிகிரி கூடுதலாகச் சூடேறியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை.

தொல்லியலாளர் கொலின் ரென்ஃப்ரூ அப்போது வடகிரேக்கத்தில் சிட்டாக்ரோய் என்ற தொல்மேட்டை இன்னொரு தொல்லியலாளரான மரியா கிம்புட்டாசுடன் அகழ்ந்துகொண்டிருந்தார். கேம்பிரிட்ஜில் நிக்கோலஸ் ஷாக்கிள்டன் கடலடி வண்டலில் கிடைக்கும் நுண்ணுயிர் ஓடுகளை இதே முறையில் அளந்து பனியுகங்களின் வரலாற்றைக் கணித்துக்கொண்டிருந்தார். ஸ்பாண்டிலஸ் என்ற முள் சிப்பியில் செய்த பழைய அணிகலன்களை இருவரும் சேர்ந்து சோதித்து 1970-ல் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டார்கள். அளவுகள் மத்தியதரைக்கடலோடு பொருந்தின.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த முறையின் பலம் விலக்குவதில் இருக்கிறது. ‘கருங்கடல் அல்ல’ என்று அது உறுதியாகச் சொல்லும். ஏஜியனா, இத்தாலிக்குக் கிழக்கே உள்ள ஏட்ரியாட்டிக்கா என்று கேட்டால் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். எந்தக் கரை, எந்த ஊர், எத்தனை கை மாறி வந்தது என்பதெல்லாம் அதற்குள் இல்லை. செய்தித் தலைப்புகளில் ‘பூர்வீகம் கண்டுபிடிப்பு’ என்று வரும்போது நாம் இதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

இன்னொரு ஐயமும் அன்று இருந்தது. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த நிலங்களில் ஸ்பாண்டிலஸ் புதைபடிவமாகக் கிடைக்கும். அதைத் தோண்டி எடுத்து வளை செய்திருந்தால்? இதற்கு ஷாக்கிள்டனும் ஹென்றி எல்டர்ஃபீல்டும் 1990-ல், ஓட்டில் சிறிதளவு கலந்திருக்கும் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தைக் கொண்டு விடை தேடினார்கள். ஒரே காலத்தில் திறந்த கடல்கள் எல்லாவற்றிலும் ஸ்ட்ரான்சியத்தின் ஐசோடோப் விகிதம், அதாவது வெவ்வேறு எடை கொண்ட அதன் அணுக்களின் விகிதம், ஒன்றுதான். ஆனால் கடந்த நான்கு கோடி ஆண்டுகளாக அது ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. எனவே எந்தக் கடல் என்பதை ஸ்ட்ரான்சியம் சொல்லாது, எந்தக் காலத்துக் கடல் என்பதைச் சொல்லும். அவர்கள் சோதித்த வளைகள் புதைபடிவத்தில் செய்தவை அல்ல, அக்காலத்தில் கடலிலிருந்து எடுத்த சிப்பியில் செய்தவை என்று தெரிந்தது.

மண்ணில் கிடந்ததைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மிகச் சரியான கேள்வி. சிப்பியின் உட்பகுதி அரகோனைட் என்ற கனிமம். நிலத்தடி நீர் ஊறினாலோ, தீயில் வெந்தாலோ அது கால்சைட்டாக மாறும். மாறும்போது மண்நீரின் ஆக்சிஜன் உள்ளே நுழையும். அதற்குப் பிறகு அளந்தால் கிடைப்பது கல்லறையின் எண், கடலின் எண் அல்ல. அதனால் முதலில் எலக்ட்ரான் கற்றையை ஓட்டின்மேல் பாய்ச்சிப் பார்ப்பார்கள். மாங்கனீசு புகுந்து மாறிப்போன கால்சைட் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். ஹங்கேரியில் கிடைத்த அணிகலன்களை இப்படிச் சோதித்த ஆய்வு 2013-ல் வந்தது. முடிவை அறிவிப்பதைவிட இந்த முன்சோதனையைப் பொறுமையாகச் செய்வதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

1972-ல் பல்கேரியாவின் வார்னாவில், கருங்கடல் கரையிலேயே, ஒரு செம்புக்கால இடுகாடு வெளிப்பட்டது. ஆறு கிலோவுக்கு மேல் தங்கம் கிடைத்த இடம். அங்கும் ஸ்பாண்டிலஸ் வளைகள் இருந்தன. உடைந்த வளை ஒன்றைத் தங்கத் தகடு சுற்றிச் சேர்த்திருந்தார்கள். கண்முன்னே ஒரு கடல் இருக்க, அதில் வாழாத சிப்பியை வேறொரு கடலிலிருந்து வரவழைத்து, உடைந்த பிறகும் தூக்கி எறியாமல் வைத்திருந்த மனிதர்கள். அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. ஆனால் சிப்பி உள்ளூர்க் கடலுடையது அல்ல என்று தெரிந்ததால்தான் அப்படிக் கேட்கவே முடிகிறது.

கீழடிக்கு வருகிறேன். வளையல் அறுக்கும் நம் சங்கு பெரும்பாலும் இந்தியத் துணைக்கண்டத்தை ஒட்டிய கடல்களில் வாழ்வது. ஆகவே இனத்தை அடையாளம் கண்டாலே பாதி விடை கிடைத்துவிடும். மன்னார் வளைகுடாவா, பாக் நீரிணையா என்று பிரிக்கப் புகுந்தால் கடினம். இரண்டும் அடுத்தடுத்த கடல்கள், கருங்கடலுக்கும் ஏஜியனுக்கும் உள்ள இடைவெளி அங்கே இருக்காது. அதற்கு முதலில் இன்றைய சங்குகளை ஒவ்வொரு கரையிலும் சேகரித்து, பருவம் தோறும் நீரையும் அளந்து, ஒப்பிட ஒரு அளவுத்தொகுப்பு வேண்டும். கட்ச் வளைகுடாவையும் அதில் சேர்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் வெறும் கண்ணாலேயே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. சங்கை அறுத்தால் உச்சியும் நடுத்தண்டும் கழிவாக மிஞ்சும். அந்தக் கழிவு ஓர் ஊரில் கிடைத்தால் முழுச் சங்கு அங்கே வந்து அறுபட்டது என்று பொருள். வளையல் மட்டும் கிடைத்தால் பெரும்பாலும் செய்த பொருளாகவே வந்திருக்கும். அகழாய்வு அறிக்கைகளைப் படிக்கும்போது வளையல்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், கழிவு எந்தக் குழியில், எந்த அடுக்கில் கிடைத்தது என்பதையும் தேடிப் பாருங்கள்.

அன்புடன்